அயன் பெட்டிக்குப் புது வயர்

தை மாசம், வியாழக்கிழமை ராத்திரி

ராசுக்குட்டி, நாளைக்கு உனக்கு மொத திவசம். படையல்ல வைக்க உன் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கலாம்னு காலையில, நான் வேலை செய்யிற தொரை பங்களாவுக்குப் பின்னால இருக்கிற என் அறையில அயன் பெட்டியைப் போட்டேன். வயர் புகைஞ்சு கருகிப் போச்சு.

மத்தியானம் பொட்டியையும் தூக்கிக்கிட்டு அட்டன் டவுனுக்குப் போயி, கரண்டு சாமான் விக்கிற நானா கடையில மெல்லிசா, பாக்க அழகா இருந்த ஒரு வயரைக் கேட்டேன்.

"அது வெளக்குக்கு உள்ளது தங்கச்சி. பொட்டியை எதுல மாட்டுறீங்க?"

"பல்பைக் கழட்டிட்டு அந்த ஹோல்டர்லதான் நானா."

"தோட்டத்து லயத்து வீடுகள்ல பாதிப் பேரு இப்படித்தான். வயரே பத்தி எரியும், அடுப்பே தேவையில்ல போங்க!"ன்னு சிரிச்சார். செத்த மகனோட சட்டை, நாளைக்குப் படையலுக்கு வேணும்னேன். சிரிப்பை நிறுத்திட்டார். நூல் சுத்தின தடிச்ச வயரா எடுத்து அவரே பொட்டியில பூட்டிக் கொடுத்து, செவுத்துப் பிளக்குல மட்டும் குத்துங்கன்னார்.

சாயங்காலம் பங்களாவுல சமைக்கிற குசினிக்காரர்கிட்ட சொல்லிட்டு, குசினிப் பிளக்குல குத்தினேன். நீ செய்யிற மாதிரி வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவேயில்ல. காலரும் முதுகும் நல்லா வந்திருக்கு.

சட்டைக் கையை மட்டும் தேய்க்காம விட்டு வச்சிருக்கேன். நீட்டித் தேய்க்கவா, இல்ல நீ முழங்கை வரைக்கும் சுருட்டி விடுவியே, அப்படியே மடிச்சு வைக்கவா?