வெந்தய டப்பாவில் இருந்த மாத்திரை

அத்தை,

இன்று காலை சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டையைப் பையில் போட்டேன். வெந்தய வாசனை குப்பென்று வந்தது. உங்கள் நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

2007இல் கடலூரில் எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். கல்யாணமாகி இரண்டு வருஷம். எனக்கு வலிப்பு இருப்பது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். "வெளிய சொன்னா வாழாவெட்டியா வந்து நிக்கணும்" என்று அம்மா மிரட்டியே அனுப்பியிருந்தாள். அதனால் மாத்திரையை வெந்தய டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். பெரிய சாமர்த்தியசாலி!

"காலைல பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நானும் மாத்திரையைப் போடவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, "வேற ஏதாவது நோவு இருக்கா?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும் மயக்கம் வரும்" என்றேன்.

"மயக்கம் இல்லங்க, வலிப்பு" என்றீர்கள், பக்கத்தில் நின்றிருந்த நீங்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை நீட்டினீர்கள். "தெனம் ரெண்டு வேள போடுவா. இன்னிக்குப் போடல."

வலிப்பை விட, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன்.

டாக்டரம்மா உங்களைப் பார்த்து, "நல்லவேளை சொன்னீங்க. மாத்திரை தவறுனா டேபிள்லயே வலிப்பு வரலாம். நான் குடுக்குற மருந்தையும் பார்த்துத்தான் குடுக்கணும்" என்றார். ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரையைப் போடச் சொல்லி, ஆபரேஷனை மதியத்துக்குத் தள்ளினார். கண் விழித்தபோது நீங்கள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எப்பத்துலேருந்து தெரியும் அத்தை?"

"நீ வந்த ரெண்டாம் மாசமே. கொழம்புக்கு வெந்தயம் போடுறது யாரு, நீயா?"

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். தெனம் எண்ணிப் பாத்துக்குவேன், போட்டியா இல்லியான்னு."

பெற்றவள் மறைக்கச் சொன்னாள். நீங்கள் தெரிந்துகொண்டு காத்தீர்கள். இதை உயிரோடு இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

இப்போது எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். "வேற ஏதாவது நோவு?" என்று நேற்று இந்த டாக்டரும் கேட்டார். உங்கள் மகன் பக்கத்தில் நிற்க, "வலிப்பு" என்றேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

மாத்திரை இன்னமும் அதே டப்பாவில்தான் இருக்கிறது, அத்தை. இன்று காலை உங்கள் மகன்தான் அட்டையை எண்ணிப் பார்த்தார். ஒன்றைப் பிதுக்கி என் கையில் வைத்து, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தார்.