ஒரு மூடி மருந்து

12-8-1980, செவ்வாய்

நான் பெட்ரோல் டாங்கில் மந்திரித்த தண்ணீர் ஊற்றுவதாகக் கோட்டைக்குப்பம் வரைக்கும் பேச்சு. தவறு. அது பொன்னேரிக் கடையில் வாங்கிய, எஞ்சின் கரியைக் கரைக்கும் மருந்து. டாங்க் நிரப்பும்போதெல்லாம் இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுகிறேன். ஒரு சொட்டு கூடவும் விடமாட்டேன், குறையவும் விடமாட்டேன்.

இறந்துபோன என் வீட்டுக்காரர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள். மருமகன் இறால் ஏற்றிப்போவது அதில்தான். கரி அடைத்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சென்னையிலிருக்கும் மகன் ஜோசப் ஓயாமல் எழுதுகிறான். திறந்து பார்த்துக் கரி இருந்தால் கொடுத்துவிடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இன்று மெக்கானிக் கபூர் பாய் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். போன வருஷம் சட்டியின் அடிபோல் கறுத்திருந்த பிஸ்டன் பளிச்சென்று இருந்தது.

"இன்னாம்மா இது! மூஞ்சி பாத்துத் தல வாரலாம் போல கீதே! கலர் தண்ணினு நான்தான் சிரிச்சேன்."

குனிந்தேன். மங்கலாக என் முகம் தெரிந்தது. ஒரு மூடி மருந்து, யார் கையும் போகாத இடத்துக்குப் போய்த் துலக்கியிருக்கிறது. ஜெபத்தில்கூட நான் இப்படி மெய்மறந்ததில்லை.

ஜோசப்புக்குக் கடிதம் எழுதிவிட்டேன். "எஞ்சினில் கரி இல்லை. அப்பா வண்டி இங்கேயே இருக்கும். சம்மதம் என்று எழுத்தில் பதில் போடு."