உன் ஓட்டோவுக்குக் கிடைக்காத எண்ணெய்

உன் மகனின் புதுக் கவரால் உடுப்பில் இன்று டீசல் வாடை ஏறிவிட்டது, தம்பி. ரூமுக்குள் அவன் வந்ததும் நீதான் டூட்டி முடிந்து வருகிறாய் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

அமீரகத்தின் இதே புஜைராவில், இதே எண்ணெய்க் கிடங்கில், நீயும் நானும் டாங்க் கழுவினோம். உங்கள் ஊரில் தேர்தல் என்றால் நீ லீவு எழுதிக் கொடுப்பாய். "பொண்டாட்டி பிரசவத்துக்கே போகாதவன் நான். நீ ஓட்டுப் போட கிளிநொச்சி போறியாக்கும்?" என்று சிரிப்பேன்.

"வெளிநாட்டில இருந்து ஓட்டுப் போட எங்களுக்கு வழியில்லை அண்ணன். நாங்கள் அனுப்புற காசுதான் கடல் தாண்டும்" என்பாய். எனக்கு அரசியல் புரியாது. புரிந்த மாதிரி பீடியை இழுப்பேன்.

"என்ர பெடியன் இஞ்ச வரக்கூடாது" என்று சொல்லித்தான் ஒரேயடியாக ஊர் போனாய். ஓட்டோ வாங்கினாய். அப்புறம் நாடே கவிழ்ந்தது. மருந்தில்லை, பால்மா இல்லை, பெட்ரோல் இல்லை. இங்கே கப்பல் கப்பலாக எண்ணெய் ஏற்றிவிட்ட நீ, அங்கே வெயிலில் வரிசையில் கிடந்தாய். ஓட்டோவுக்குள்ளேயே உன் மூச்சு நின்றுபோனது. தூங்குகிறாய் என்று நினைத்து, வரிசை நகரும்போதெல்லாம் பின்னால் நின்றவர்கள் உன்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். நாட்டை அந்தக் கதிக்குக் கொண்டுவந்த பெரியவர்கள் தப்பிப் போக விமானத்துக்கு மட்டும் எண்ணெய் இருந்தது.

"இப்ப எப்படிடா இருக்கு?" என்று உன் மகனிடம் கேட்டேன்.

"இப்ப லைன் இல்லை பெரியப்பா. எல்லாம் கிடைக்குது. வாங்கத்தான் ஏலாது."

"ஓட்டுப் போட்டியா?"

"போட்டனான். போட்டுட்டுத்தான் ஏஜென்சிக்குப் போனனான்."

நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான். சிரிக்கிற விஷயமா அது?

பிறகு அவன் அம்மாவோடு வீடியோவில் பேசினான். போனை என் பக்கம் திருப்பினான். உன் சம்சாரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன், இவனைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றது.

ஒரு நாடு பார்த்துக்கொள்ளாத பிள்ளையை, பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டைவிட்ட நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சரிம்மா என்று தலையாட்டிவிட்டேன், தம்பி.