ரேவதிக்குக் கொடுத்த பூச்சி மாத்திரை

ஜூலை 14, செவ்வாய் இரவு

தில்லி கரோல் பாக்கில் பாதிப் பேருக்கு, டாக்டர் இல்லாவிட்டாலும் நான் தரும் மருந்தின் கைராசியால்தான் வயிறு சரியாகிறது. அந்தத் தைரியத்தில், டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த பூச்சி மாத்திரை அட்டையைக் காலையில் அண்ணன் மருமகள் ரேவதியிடம் நீட்டினேன். வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லியிருந்தாள். நான் எதிரிலேயே நின்றதால் மறுக்காமல் ஒன்றை விழுங்கினாள்.

சாயங்காலம் அடுக்களையில் தனியாகக் கேட்டாள்.

"சின்ன மாமா, நாள் தள்ளிப் போயிருக்கு. யார்கிட்டயும் இன்னும் சொல்லலை. அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாதே?"

"அட பைத்தியமே! பெரிய பெரிய டாக்டரெல்லாம் புள்ளத்தாச்சிக்கு முதல்ல இதைத்தான் குடுப்பாங்க. ராத்திரியும் ஒண்ணு போடு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அச்சா மாமா" என்று நிம்மதியாகச் சிரித்தாள்.

எனக்குத்தான் நிச்சயமில்லை. மாடிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"உங்களுக்கு எழுதினதை அந்தப் பொண்ணுக்கு ஏன் குடுத்தீங்க அங்கிள்? ஆரம்ப மாசத்துல அது கூடாது. இனி ஒண்ணுகூட வேணாம். காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் இருந்தார்கள். சொல்ல முடியவில்லை.

அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. அட்டை அவளிடம்தான் இருக்கிறது. கதவைத் தட்டி, "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விளக்கு அணைவதற்குள் எழுந்து போகிறேன்.