திரை வண்டியும் பிளாக்பூல் டிராமும்

1900 அக்டோபர் 8, திங்கள்
மழை. வன்னியம்பட்டியிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் சமுத்திரம் தனியாகத் தள்ளினார். அசீனா, நூர்னிசா, நான் மூன்று பேரும் வண்டியைச் சுற்றிக் கட்டிய திரைக்குள்ளேயே இருந்தோம். “இறங்கித் தள்ளலாம். திரையை யாருட்டி சுமக்கிறது?” என்றாள் அசீனா.

அக்டோபர் 12, வெள்ளி
அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிக்க என்னைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார் ஞானப்பூ டீச்சர். இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை அவர் அர்த்தம் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். பிளாக்பூல் என்று இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர். 1885-இல் அங்கே மின்சார டிராம் வந்தது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை! சாலைக்கு அடியில் ஒரு பள்ளம், அதற்குள் மின்சாரம். கடல் மணலும் உப்புத்தண்ணீரும் உள்ளே புகுந்தால் வண்டி நின்றுவிடும். சுரண்டிச் சுரண்டி ஓட்டியிருக்கிறார்கள். போன வருஷம்தான் தலைக்கு மேலே கம்பி கட்டினார்களாம். பதினான்கு வருஷம் — எனக்கே பன்னிரண்டுதான்.

அக்டோபர் 17
நூர்னிசா பெரியவளாகிவிட்டாள். இனி வரமாட்டாள்.

அக்டோபர் 29, திங்கள்
அசீனாவுக்கு நிக்காஹ் பேசிவிட்டார்கள். வண்டியில் இனி நான் மட்டும்.
“சமுத்திரம் நல்ல மனுசந்தான். ஆனா ஒத்தப் புள்ளையா அனுப்ப ஏலாதுட்டி” என்றார் அத்தா. துணைக்கு அம்மா வரலாம்தான், ஆனால் தங்கச்சி பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. நாளைக்கு ஒரு நாள் பொறுத்து முடிவு சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அத்தாவுக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டப் போகிறேன். உலகத்தில் வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தால் மனது மாறாதா?

அக்டோபர் 30
சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து கேட்டார். மணல் சுரண்டும் இடத்தில் சிரித்தார். டீச்சர் தந்த பத்திரிகைப் படத்தை இடக்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
“இதுல பொம்பளைக எங்கன இருப்பாக?”
படம் சிறியது, மங்கல். தனி அறை உண்டு என்று சொல்லியிருக்கலாம்.
“எல்லாரும் ஒரே பலகையிலதான், அத்தா.”
எழுந்து போய்க் கை கழுவினார். “அது அவுக ஊரு” என்றார்.
ஐயோ, நானா போயி ஏன் வாசிச்சேன்? கேட்டதுக்கு ஏன் நெசத்தச் சொன்னேன்?

அக்டோபர் 31
வண்டி வரவில்லை.

நவம்பர் 9
கட்டுரையை என் வகுப்பு வெள்ளத்தாய் வாசிக்கட்டும் என்று டீச்சர் ஆள் அனுப்பினார். கொடுத்துவிட்டேன். நாள் முழுக்கத் தொட்டில் ஆட்டுகிறேன். கை வலிக்கிறது. எழுதவும் அலுப்பு.

நவம்பர் 24, சனி
நேற்று இன்ஸ்பெக்டர் வந்தாராம். வெள்ளத்தாய் வந்து சொன்னாள். கட்டுரையைக் கேட்டுவிட்டு, பதினான்கு வருஷம் மணல் அள்ளியும் அந்த ஊர்க்காரர்கள் டிராமை ஏன் விடவில்லை என்று கேட்டாராம்.
“நீ என்னட்டி சொல்லிருப்ப?”
எனக்கும் தெரியவில்லை என்றேன். தங்கச்சி அழுதாள்.

டிசம்பர் 3
தம் ராஜபாளையம் கடைக்கு வந்த ஜவுளி மூட்டையைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளை அத்தா வீட்டுக்குக் கொண்டுவந்தார். தொடையில் வைத்துச் சுருக்கம் நீவி என் பக்கம் தள்ளினார்.
“என்ன போட்டிருக்கான்னு செத்த வாசி.”
மார்ச் மாதத்துத் தாள். நடுவில் ஒரு கை அகலம் கிழிந்திருந்தது. கிழிந்த இடம் வரை வாசித்தேன்.