கோப்பில் இல்லாத ஏழாம் பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகும், அதனால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், வேளைக்குத் தட்டின் முன்னால் உட்காருகிறோம் என்று எழுதுகிறேன். நீயும் அங்கே அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலத்தை மாற்றினாள், வலி மாறவில்லை, வாசனைதான் மாறியிருக்கிறது. மாடி வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து நம் சமையலறையில் ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடத்தில் சொட்டுகிறது. அச்சகத்தில் கம்ப்யூட்டரே பிழை திருத்திவிடும் என்று சொல்லி என் மேசையை எடுத்தார்கள் அல்லவா, இப்போது கம்ப்யூட்டர் திருத்தியதைத் திருத்துவதற்காக அதே மேசையைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு தபால்தலை ஒட்டி, உள்ளே ஒரே ஒரு வரி, "அப்பா, ஏழாம் பக்கம் எங்கே?" என்று. உன் தம்பி நம்மை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது, நீ போனில் பேசி மூன்று வாரம் ஆகிறது. போனில் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, முதல் தடவையிலேயே எதையும் சரியாகச் சொல்லும் பழக்கமும் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஏழாம் பக்கத்தை நான்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கோப்பின் நகல் வேண்டும் என்று நீ கேட்டபோது அதை மட்டும் உருவிப் பீரோவில் துணிக்கடியில் வைத்துவிட்டு மீதியை நகல் எடுத்து அனுப்பினேன். முப்பத்தொரு வருஷமாகப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன், ஒரு பக்கம் விட்டுப்போனதற்காக பைண்டிங்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன், ஆறுக்கு அடுத்து எட்டு வருவதைக் கவனிக்காமல் கவரை ஒட்டினேன் என்றால் திருட்டு வேலைக்கு நான் எவ்வளவு லாயக்கு என்று நீயே தெரிந்துகொள். நீ ஏன் கோப்பைக் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் அத்தை போன் செய்து, "நீ குடுத்தது அவனுக்கு ஒத்துக்கலைன்னு பேசிக்கிறாங்க கண்ணு, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" என்று சொன்னதாக அவளே பெருமையாக என்னிடம் சொன்னாள். ஆறுதல் சொல்வதில் என் தங்கையை மிஞ்ச ஆளில்லை, அவளிடம் ஆறுதல் பெற்றவர்கள் யாரும் இன்னும் படுக்கையை விட்டு எழுந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அவள் மேல் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது. கிருமித் தொற்றில் போய்விட்டான் என்று உன்னிடம் சொன்னவன் நான். நான் பொய் சொல்லி நீ பார்த்ததில்லை, அதனால் நம்பினாய்.

முதலிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செல் பிரிதல் பாடத்தை ஏழு பதிப்புகளுக்குப் படித்தவன் நான். ஒரு செல் தன்னிடம் உள்ளதையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு இரண்டு சேய் செல்களாகப் பிரிகிறது என்று இருக்கும். ஒருமுறை வீட்டில் சத்தமாகப் படித்தபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ரெண்டும் சேய்னா தாய் எங்கே போச்சு?" என்று கேட்டாள். படத்தைப் பார்க்க என்று போட்டிருக்கிறது என்றேன். நகல் எடுப்பதில் வரும் தவறுகளை செல்லே திருத்திக்கொள்ளும், பிரிதல் கட்டுப்பாட்டுடன் நடைபெறும் என்றும் இருக்கும். ஏழு பதிப்பிலும் அந்த வரியின் ஓரத்தில் நான் ஒரு கேள்விக்குறி போடவில்லை. நம் தம்பியின் எலும்புக்குள் ஏதோ ஒரு ரத்த அணு, அதுவும் ஒரு செல்தான், தவறாக நகல் எடுத்தது, அதைத் திருத்த வேண்டியது தூங்கிவிட்டது, அது நிற்கத் தெரியாமல் பெருகியது, அவ்வளவுதான் ரத்தப் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. என் தொழில்காரர்களைப் பற்றி எனக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு என்னையும் அம்மாவையும் சோதித்துவிட்டு, ரெண்டு பேரும் பாதிதான் பொருந்துகிறீர்கள் என்றார். அம்மா உடனே, "இவருக்கு எல்லாமே பாதிதான் டாக்டர், பேப்பரைக்கூடப் பாதி படிச்சுட்டுப் போட்டுடுவார்" என்றாள். டாக்டரம்மா சிரிக்காமல் விளக்கினார், உடம்பின் மற்ற செல்கள் முழுசாக நகல் எடுக்கும், பிள்ளை பிறப்பதற்கான செல்கள் மட்டும் பாதியாகப் பிரியும், அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி, எந்தப் பாதி யாருக்கு என்பது குலுக்கல், கூடப்பிறந்தவர்கள் இருவருக்கும் ஒரே பாதிகள் விழுவது நாலில் ஒன்று என்று. உனக்கும் அவனுக்கும் அந்த ஒன்று விழுந்திருந்தது. செய்தி வந்த அன்று அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ரிமோட்டுக்காக அவ என் கையைக் கடிச்சப்பவே ரெண்டும் ஒரே ரத்தம்னு தெரிஞ்சிருக்கும்ப்பா, டாக்டருக்கு இப்பத்தான் தெரியுது" என்றான். நீ லீவு போட்டு வந்தாய், மஜ்ஜை அணுக்கள் ரத்தத்தில் இறங்குவதற்காக ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டாய், இடுப்பெல்லாம் உடைகிற மாதிரி வலிக்கிறது என்று என்னிடம் சொன்னாய், அவனிடம் கொசு கடித்த மாதிரி இருந்தது என்றாய். ரத்தத்திலிருந்து அந்த அணுக்களைப் பிரித்துப் பையில் சேர்க்கும் மெஷினோடு நாலு மணி நேரம் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்தாய். அந்தப் பையை அவனுக்கு ஏற்றியபோது, "இவ்வளவு பெரிய விஷயம், பார்க்க தக்காளி ஜூஸ் மாதிரி இருக்கே" என்று குறைப்பட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ போனில்தான் கேட்டாய். பதினாறாம் நாள் வெள்ளை அணுக்கள் தலைகாட்டின, மறுநாள் அது இரட்டித்தது, அதற்கு மறுநாள் அதுவும் இரட்டித்தது, நர்ஸம்மா சுவரில் மாட்டியிருந்த பலகையில் எண்ணை எழுதும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்றாள். ஒன்று இரண்டாவதை முப்பத்தொரு வருஷம் காகிதத்தில் படித்தவன், அந்த அறையில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். மூன்றாம் மாதம் சோதனைக்கு ரத்தம் அனுப்பினால், ஆண் நோயாளி என்று எழுதியிருக்கிறீர்கள், இது பெண்ணின் ரத்தம், மாதிரி மாறிவிட்டதா என்று அந்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாறவில்லை, எல்லாமே உன் அணுக்கள். பிறகு ரத்த வகையும் என்னுடையதிலிருந்து உன்னுடையதாக மாறியது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவன் அந்த அறிக்கையை மடித்துப் பையிலேயே வைத்திருந்தான். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டு, கண்டக்டர் அம்மா எழுப்பியபோது அதை எடுத்து நீட்டி, என் ரத்தம் எங்க அக்காவோடது, பாதி சீட்டாவது குடுங்க என்றானாம். அந்த அம்மா நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, ரத்தம் உட்காரட்டும், நீ எழுந்திரு" என்றாராம். இதை அவன் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் சொல்லாத ஆள் இல்லை. ஆறாவது மாதம் வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்குப் போனான், லிஃப்ட் பக்கமே விடாமல் ஆபீஸில் உட்காரவைத்தார்கள், அப்படியும் வரும்போது கை அழுக்காக வருவான், எங்கேயிருந்து பூசிக்கொண்டானோ.

ஆறாம் மாதக் கடைசியில் உள்ளங்கையில் சிவப்பாகத் தடித்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டார், புது அணுக்கள் சுறுசுறுப்பாக இருப்பதற்கு அடையாளம், மிச்சமிருக்கும் நோயையும் தேடிப்பிடித்துக் கொல்லும் என்றார். பிறகு வயிறு போகத் தொடங்கியது, நிற்கவில்லை. பிறகு கண் மஞ்சளானது. நான் கேட்டேன், முழுசாகப் பொருந்துகிறது என்றீர்களே என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நாங்கள் சரிபார்ப்பது முக்கியமான சில அடையாளங்களைத்தான் சார், மீதி எத்தனையோ இடங்களில் அவர் அவராகவும் அவங்க அவங்களாகவும்தான் இருப்பாங்க. உன் அணுக்களுக்கு அவன் வேற்று ஆளாகத் தெரிந்தான். அது உன் குற்றமில்லை, அணுவின் குற்றமும் இல்லை, வேற்று ஆளைக் கண்டால் தாக்குவதுதான் அதன் வேலை, அந்த வேலைக்காகத்தான் நாமே அதைக் கூப்பிட்டோம். ஆமாம் அம்மாடி, நீ சந்தேகப்பட்டது சரிதான். அவன் உன் அணுக்களால்தான் போனான். இந்த வரியை எழுதாமல் இருக்கத்தான் இத்தனை நாளாக ஒரு காகிதத்தைத் துணிக்கடியில் வைத்துக் காவல் காத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி நடக்கலாம் என்று முன்னாலேயே எங்களிடம் சொன்னார்கள். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன். உன்னிடமும் சொல்லிவிடலாம் என்று நான் ஆரம்பித்தபோது, "வேண்டாம்ப்பா, சொன்னா ஊசி போடும்போதே மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருப்பா, எனக்கு அவகிட்ட ரத்தம் போதும், அழுகை வேண்டாம்" என்றான். கடைசி வாரம் பேச்சு குழறியபோதும் நினைவுபடுத்தினான், அவகிட்ட கிருமின்னு சொல்லிடுங்க என்று. அந்தக் கிருமி அவன் கண்டுபிடித்தது, அறிமுகப்படுத்தியதுதான் நான். செத்துப்போனவனுக்குக் கொடுத்த வாக்கை இன்றைக்கு மீறுகிறேன், அவன் இருந்தால் திட்டுவான், திட்டட்டும்.

ஏழாம் பக்கத்தை இதோடு இணைத்திருக்கிறேன், நகல் இல்லை, அசல். செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்த பிறகு அதை வெளியே எடுத்து, முதல்முறையாக, தொழிலில் படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இரண்டாவது, கொடுத்தவரின் அணுக்கள் பெற்றவரின் குடலையும் கல்லீரலையும் தாக்கியதால் மரணம் என்பது. நான் அதைப் பார்த்துப் பயந்து பக்கத்தை உருவினேன். அதற்கு மேலே முதலாவதாக ஒரு வரி இருக்கிறது, கடைசியாக எடுத்த மஜ்ஜையில் தேடிய அளவில் நோயுற்ற அணு ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று. ஒன்றுகூட இல்லை. நாங்கள் உன்னிடம் எதைக் கேட்டோமோ அதை நீ முழுசாகச் செய்து கொடுத்திருக்கிறாய். எட்டு மாதம் அவன் எழுந்து நடந்ததும், அந்த பஸ்ஸும், அழுக்குக் கையும் அந்த முதல் வரிதான். இரண்டாவது வரியை உன்னிடமிருந்து மறைக்கப்போய் முதல் வரியையும் சேர்த்து மறைத்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் விட்ட பிழைகளில் இதைவிடப் பெரியது இல்லை, அதுவும் பெற்ற பிள்ளை விஷயத்தில் விட்டேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, படித்துப் பார் என்றுதான் கேட்கிறேன்.

அதுவரை கிருமி என்றே நம்பியிருந்த அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து ஜன்னலைக்கூடச் சாத்தினேன், போடவில்லை. காயவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், தம்பி சட்டை ஒன்றும் அதில் இருந்தது, இன்னும் மாதத்துக்கு ஒருமுறை துவைக்கிறாள், நான் கேட்பதில்லை. மடித்து முடித்துவிட்டு, "ஏங்க, அவன் உடம்புல கடைசியா ஓடினது அவ ரத்தம்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அது அவகிட்ட இன்னும் ஊறிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றாள். ஆமாம், தினமும் என்றேன். "அப்போ அவளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றாள். அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன், அறிவியல்படியும் சரி, வேறு எந்தப்படியும் சரி, திருத்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. லீவு கிடைக்கும்போது வா. கிடைக்காவிட்டால் போனாவது செய், நீ பேச வேண்டாம், அம்மா பேசிக்கொள்வாள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் அமைதியான தூக்கத்தோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, மஜ்ஜை கொடுத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டுமாம், உனக்கு இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து இந்த விலாசத்துக்குக் கார்டு வந்திருக்கிறது. அங்கேயே ஏதாவது ஒரு இடத்தில் கொடுத்துவிடு, தள்ளிப்போடாதே. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாய், எனக்குத் தெரியும். இந்த முறை திருப்பிக்கொள்ளாதே, குழாயில் ஏறுவதை நன்றாகப் பார்த்து வை. எப்படி இருந்தது என்று அம்மா கேட்பாள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா