நனையாத மூட்டைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே காபி அறுவடை முடிந்துவிட்டது. பழத்தோலை நீக்கி, கொட்டையைக் களத்தில் காயவைத்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். அதைத் துறைமுகச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் என் லாரிக்கு வேலை.

போன வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. நல்ல மழை வேறு. பார்த்தால் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது. கொட்டை நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், யாரும் வாங்கமாட்டார்கள். சரக்குக்குச் சொந்தக்கார அம்மாவும் கூடவே வந்திருந்தார். சட்டென்று மேலே ஏறி, கிழிசலின் மேல் படுத்துக்கொண்டார்.

"இறங்குங்கம்மா, காய்ச்சல் வந்துடும்."

"வரட்டும் தம்பி. வருஷம் பூரா பாடுபட்டது இதுல இருக்கு."

ஒருவழியாக அவரை இறக்கி கேபினில் உட்காரவைத்துவிட்டு, என் மழைக்கோட்டைக் கிழிசலில் விரித்து அதன்மேல் நான் படுத்தேன். வழி திறக்கும்வரை நல்ல குளியல்தான், சிரிக்காதே.

துறைமுகத்தில் வியாபாரியின் ஆள் மூட்டைக்குள் கைவிட்டு, ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தார். "நல்லாக் காஞ்சிருக்கு, இறக்குங்க" என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே என் நெற்றியில் கை வைத்து, "ஐயோ, கொதிக்குதே" என்றார். இப்போது சரியாகிவிட்டது. நெற்றியில் ஒருவர் கை வைத்து எவ்வளவு நாளாயிற்று!

நீ போர்த்திக்கொள்ளும் போர்வையைப் பார்சலில் அனுப்புகிறாயா? புதிது வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. சரக்கு ஏற்றிவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள். போர்வையைத் துவைக்காமல் அனுப்பு.

உன் மகன்